கைப்பற்றாக்குறை: இரு பிள்ளைகளுடன் தனியே பறக்கும் தாய் குறித்து ஓர் ஆய்வு

நிதிப்பற்றாக்குறைக்காக ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் தேதி நாடே உட்கார்ந்து கவலைப்படுகிறது. கைப்பற்றாக்குறைக்காகக் கவலைப்பட ஒரு துணைக்குழுகூட இல்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். களம்: மும்பை சஹார் விமான நிலையம், இரண்டாம் முனையம். மாந்தர்: செம்பூரில் பிறந்து நியூஜெர்சியில் வாழும் ஒரு தாய், அவளுக்குப் பத்து மாதத்தில் ஒன்று, நான்கு வயதில் ஒன்று. தொலைவு: மும்பையிலிருந்து நியூயார்க், எங்கும் நில்லாமல் போனால் ஏறத்தாழ 16 மணி நேரம். தந்தை இவ்வாய்வில் இடம்பெறவில்லை. லீவு தீர்ந்துவிட்டதென்று அவர் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்.

முதலில் வரையறை. இரண்டு வயது நிறையாதது மடிப்பிள்ளை. அதற்குத் தனி இருக்கை கிடையாது. தாயின் பெல்ட்டில் கோத்த ஒரு குட்டி பெல்ட் மட்டும் உண்டு. அதற்கு மேற்பட்டது நடைப்பிள்ளை. நடைப்பிள்ளை என்றால் நடக்கத் தெரிந்த பிள்ளை என்று கொள்க. நடக்கச் சொன்னால் நடக்கும் பிள்ளை என்று கொள்ளற்க.

இனிக் கணக்கு. மடிப்பிள்ளையை இடுப்பில் வைக்க ஒரு கை. நடைப்பிள்ளையைப் பிடிக்க ஒரு கை. பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் வகையறாவுக்கு ஒரு கை. தள்ளுவண்டிக்கு ஒரு கை. தோள்பைக்குக் கை வேண்டா என்பாரும் உளர். குனியும்போதெல்லாம் அது வழுக்கி முழங்கைக்கு வருவதால் அதற்கு அரைக் கை ஒதுக்குவதே முறை. ஆகத் தேவை நாலரை, இருப்பு இரண்டு, பற்றாக்குறை இரண்டரை. நடைப்பிள்ளைக்கும் இரண்டு கைகள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் வரவில் வைக்கவில்லை என்று கேட்கலாம். ஒன்றில் பொம்மை இருக்கும். மற்றொன்று விமானப் பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தானில் இருக்கும். இரண்டும் செலவுக் கணக்கே.

குழந்தை அழுவதுதான் இப்பயணத்தின் சிக்கல் என்பது இதுவரை நிலவிவரும் கொள்கை. அது பக்கத்து இருக்கைக்காரர்கள் கண்ட கொள்கை. அழுகை என்பது கைப்பற்றாக்குறை வெளியே கேட்கும் வடிவம் மட்டுமே என்று இவ்வாய்வு சொல்கிறது. சான்று வேண்டுவோர் ரயிலுக்கு வருக.

பம்பாயையும் மதராஸையும் இரும்புப்பாதை 1871இல் ரெய்ச்சூரில் இணைத்தது. அன்றிலிருந்து இந்தப் பாதையில் தமிழ்ப் பிள்ளைகள் அழுதுகொண்டே போய் வருகிறார்கள். அதை யாரும் ஆய்வுப் பொருளாகக் கருதியதில்லை, ஏனென்றால் அங்கே கை உபரி. கல்யாண் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுப் பாட்டி குழந்தையின் பெயரைக் கேட்டுவிடுவாள். புனேயில் அவள் மடிக்குப் போன குழந்தை சோலாப்பூரில் ஜன்னலோரக் கல்லூரி மாணவனிடம் இருக்கும். குண்டக்கல்லில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இதற்கு நடுவே மேல் பெர்த்தின் சங்கிலியில் ஒரு பழைய நூல் சேலையைக் கட்டித் தூளி போட்டாகிவிடும். தூளியை ஆட்ட ஆள் வேண்டாம். அந்த வேலையை ரயில்வே துறை இலவசமாகச் செய்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்களிலும் இதே நிலை. 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், பரணைத் தாங்கும் இரும்புக் கம்பியிலிருந்து தூளி தொங்கும். தாய் தண்ணீர் பிடிக்கப் போனால் முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அத்தை கால் கட்டை விரலால் கயிற்றை இழுத்துவிடுவாள். அவளுக்குக் கைகள் ஒழியவில்லை, ஆனாலும் கால் இருந்தது. இடம் குறையக் குறையக் கைகள் பெருகும் என்ற விதியை இங்கே காணலாம். விமானமும் இடம் குறைந்ததுதான். அங்கே மட்டும் இவ்விதி ஏன் பொய்க்கிறது என்பதே ஆய்வின் மையக் கேள்வி.

இந்திய விமானத்துறையின் தொடக்க வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜூஹுவுக்கு ஓட்டி வந்த விமானத்தில் இருந்தவை தபால் மூட்டைகள். அங்கிருந்து வேறொரு விமானி அவற்றை மதராஸுக்குக் கொண்டுபோனார். கடிதங்கள் அழுவதில்லை, பால் கேட்பதில்லை, சொன்ன இடத்தில் கிடக்கும். பயணியும் அப்படியே இருப்பார் என்ற எதிர்பார்ப்பை இத்தொழில் இன்னும் முழுதாக விடவில்லை.

களத்துக்கு வருவோம். சஹார் வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் டிக்கெட்டையும் அடையாளத்தையும் பார்த்து உள்ளே விடுகிறார். டிக்கெட் இல்லாத தாத்தா, பாட்டி, சித்தப்பா மூவரும் அந்தக் கோட்டில் நின்றுவிடுகிறார்கள். ஒரே அடியில் ஆறு கைகள் இழப்பு. செம்பூரிலிருந்து கார் கிளம்பும்போது உபரியில் இருந்த குடும்பம், கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் பற்றாக்குறைக்குள் விழுகிறது.

பாதுகாப்புச் சோதனையில்தான் அது உச்சத்தைத் தொடும். தள்ளுவண்டியை மடக்கி எக்ஸ்ரே பெல்ட்டில் ஏற்ற வேண்டும். தூங்கும் பிள்ளையோடு வண்டி மடங்காது. எனவே பிள்ளையை எழுப்பி எடுக்க வேண்டும். வண்டியை மடக்க இரண்டு கைகளும் ஒரு காலும் தேவை. அவ்வேளையில் மடிப்பிள்ளை எங்கே இருக்கும் என்பதற்கு வண்டியோடு வரும் கையேட்டில் விடை இல்லை. நடைப்பிள்ளை தன் கரடி பொம்மையை ட்ரேயில் போட மறுக்கும். கரடி அந்த இருட்டுக் குகைக்குள் தனியாகப் போய் வர வேண்டும் என்று அதற்குப் புரியவைக்க ஒரு நிமிடம் ஆகும். பின்னால் நிற்கும் லேப்டாப் பையர் மூச்சுவிடுவது கேட்கும். அவருக்கு இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன என்பதை ஆய்வுக் குறிப்பாக மட்டும் பதிவு செய்வோம்.

விமானத்துக்குள் தொட்டில் உண்டு, மறுப்பதற்கில்லை. 1950களில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமானங்களில் தலைக்கு மேலிருந்த சாமான் தட்டிலிருந்தே தொட்டிலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தூளித் தத்துவத்துக்கு மிக நெருங்கி வந்த அந்த முயற்சி ஏன் கைவிடப்பட்டதென்று, மேலே பெட்டிகள் வைப்பதை நினைத்தால் விளங்கும். இன்று அது முன்சுவரில் மாட்டும் பெட்டி வடிவம். பெரும்பாலான நிறுவனங்களில் 10, 11 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை. செம்பூரில் இரண்டு மாதம் பாட்டி கையால் நெய்ச்சோறு தின்ற பிள்ளை அந்த வரம்பை எந்த நிலையில் அணுகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த முன்வரிசை இருக்கைக்கு முன்னால் இருக்கை இல்லாததால், ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க முடியாது. பால் புட்டி, டயப்பர், கிரைப் வாட்டர் எல்லாம் தலைக்கு மேலே போய்விடும். சரியாக அவை தேவைப்படும் நேரத்தில். அதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. இந்தத் தொட்டில் ஆடாது. காற்றில் விமானம் குலுங்கி அதுவாக ஆடத் தொடங்கும்போது சீட் பெல்ட் விளக்கு எரியும். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். ஆடாதபோது தொட்டில் உண்டு, ஆடும்போது தொட்டில் இல்லை. இதை வடிவமைத்தவர் தாலாட்டு கேட்டு வளர்ந்தவராக இருக்க முடியாது.

அழும் பிள்ளையைத் தூங்கவைப்பது பற்றி நிஜமான ஆய்வு ஒன்றையும் இங்கே மதித்தாக வேண்டும். ஜப்பானின் ரிக்கேன் நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்டது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நட, தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார், அதன்பின் கிடத்து. மும்பையின் மாட்டுங்காப் பாட்டிகள் இதைப் படித்தால் இதற்கா பட்டம் என்று கேட்பார்கள். ஆனால் கிடத்துமுன் உட்கார வேண்டிய அந்த எட்டு நிமிடத்தை அவர்கள் யாரும் கடிகாரம் பார்த்துச் சொன்னதில்லை. ஆய்வகத்தில் இல்லாத ஒன்று விமானத்தில் இருக்கிறது: உணவு வண்டி. நான்காவது நிமிடத்தில் அது நடைவழியை அடைத்துக்கொண்டு நிற்கும். சைவமா அசைவமா என்ற விசாரணை முடியும்வரை குரோடா முறைக்கு இடைவேளை. தாய் நடக்கும் அந்நேரத்தில் நடைப்பிள்ளை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வேறு நிற்கிறது.

நாம் இதுவரை தள்ளிப்போட்ட இயலுக்கு வருவோம். 16 மணி நேரத்தில் தாயும் கழிவறைக்குப் போக வேண்டும். மூவரும் சேர்ந்து உள்ளே போவதே பெரும்பாலும் நடப்பது. டயப்பர் மாற்றும் பலகை கழிப்பிடத்துக்கு மேலேதான் மடிந்து இறங்கும். ஆகவே பிள்ளைக்கு முதலில், தாய்க்கு அப்புறம், இரண்டும் ஒருசேர நடவாது. நடைப்பிள்ளைக்கு எஞ்சுவது கதவுக்கும் தாயின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண். அங்கிருந்து அதன் கை எட்டும் தூரத்தில் இருப்பது ஃபிளஷ் பொத்தான். அதன் உறுமல் கேட்டு மடிப்பிள்ளை வீறிடும். வெளியே வரிசையில் நிற்பவர்கள் உள்ளே என்ன நடக்கிறதோ என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

பற்றாக்குறையைத் தீர்க்க நிறுவனங்கள் கண்ட வழிகள் பெரும்பாலும் தூரத்தைப் பற்றியவை. இண்டிகோ 2016இல் சில வரிசைகளை அமைதி மண்டலமாக்கி 12 வயதுக்குட்பட்டோருக்கு அங்கே இடமில்லை என்றது. ஒன்று முதல் நான்கு, பதினொன்று முதல் பதினான்கு. ஐந்தாம் வரிசையில் புறப்படும் ஒலி நான்காம் வரிசையில் நின்றுவிடும் என்று பௌதிகம் எங்கும் சொல்லவில்லை. அதே ஆண்டு அன்னையர் தினத்தை ஒட்டி அமெரிக்காவின் ஜெட்புளூ நியூயார்க்கிலிருந்து லாங் பீச் போன ஒரு விமானத்தில் வேறு வழி பார்த்தது. குழந்தை ஒருமுறை அழுதால் அடுத்த பயணத்தில் எல்லாருக்கும் 25 சதவீதம் தள்ளுபடி. நான்கு முறை அழுதால் டிக்கெட்டே இலவசம். மூன்றுடன் நிறுத்திய குழந்தையை அந்த விமானத்தினர் எப்படிப் பார்த்திருப்பார்கள்!

மறுபக்கமும் உண்டு. 2018 ஜூலையில் லண்டனிலிருந்து பெர்லினுக்குப் புறப்படவிருந்த விமானத்தில் மூன்று வயதுக் குழந்தை அழுததற்காக ஓர் இந்தியக் குடும்பமே இறக்கிவிடப்பட்டு, புகார் விமானத்துறை அமைச்சர்வரை போனது. அங்கே தாயும் தந்தையும் இருந்தார்கள். நான்கு கைகள் இருந்தும் இந்தக் கதி. 2017 ஜூனில் தம்மாமிலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் நடுவானிலேயே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பயணிகளில் இருந்த ஒரு நர்ஸ் கை கொடுத்தார்; விமானம் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆயுள் முழுக்க இலவசப் பயணம் என்று நிறுவனம் அக்குழந்தைக்கு அறிவித்தது. 2019 ஏப்ரலில் நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. இரண்டு வயதுவரை அந்தப் பிள்ளை மடிப்பிள்ளைதான் என்பதால், அது தனக்கென்று ஒரு இருக்கை கேட்கும் வயதை எட்டும் முன்பே சலுகை காலாவதியாயிற்று. இந்திய விமான ஒழுங்காற்று ஆணையம் 2024 ஏப்ரலில் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலேயே உட்காரவைக்கச் சொன்னது. நல்ல உத்தரவு. பக்கத்தில் இருப்பது பிள்ளை, கை அல்ல.

உண்மையான தீர்வு விமான நிலைய வாசலில், யாரும் எழுதிவைக்காமலே நடந்துவருகிறது. செக்-இன் வரிசைக்குப் போகிறவர்களை வேலிக்கு வெளியே நின்று பாட்டி ஒரு நோட்டம் விடுவாள். மகள் பிரசவத்துக்கோ மகன் வீட்டுக்கோ தனியாகப் போகும் மாமி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். ஆங்கிலம் அதிகம் வேண்டாமே என்று வீல்சேர் சொல்லியிருப்பாள், கால் நன்றாகவே இருக்கும். கையில் மாட்டுங்காவின் காபிப்பொடி மணக்கும் பை. அதுவே அடையாளம்.

“மாமி, நீங்க நியூயார்க்கா? எங்க பொண்ணு தனியாப் போறா, ரெண்டையும் வச்சிண்டு. கொஞ்சம் பாத்துக்கோங்கோ.”

“அதுக்கென்ன, பேஷா! எனக்கு அந்த டிவியை மட்டும் போட்டுக் குடுக்கச் சொல்லுங்கோ. போன தடவை பூரா மேப்பையே பாத்துண்டு போனேன்.”

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஏறியதும் தாய் மாமிக்கு டிவியைப் போட்டுத் தருவாள். சைவச் சாப்பாடு மாறி வந்தால் பணிப்பெண்ணிடம் பேசித் தீர்ப்பாள். இறங்கியதும் மகனுக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்புவாள். மாமி இரண்டு கைகளையும் ஒரு மடியையும் தருவாள். பற்றாக்குறை இரண்டரையிலிருந்து அரையாகிறது. அந்த அரையை எந்த அரசும் சமாளித்துக்கொள்ளும். குழந்தை மாமியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, தாய் கழிவறைக்குத் தனியாகப் போய்வருவாள். மாமி 14ஆம் வரிசையிலும் தாய் 38ஆம் வரிசையிலும் அமையும் பயணங்களில் இத்தீர்வு செல்லாது என்பதைக் கூறியே ஆக வேண்டும்.

கடைசி அரை மணி தனி ஆய்வுக்குரியது. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், ஏறக்குறைய ஊட்டி. இறங்கும்போது அழுத்தம் ஏறும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைக்குக் குட்டையானது, படுத்த வாக்கில் இருப்பது, எளிதில் திறக்காதது, விழுங்கினால்தான் திறக்கும். ஆகவே பால் கொடு என்பது மருத்துவர் வாக்கு. பதினைந்து மணி நேரம் தூங்காத பிள்ளை அப்போதுதான் தூங்கியிருக்கும். காதுக்காக எழுப்புவதா, ஊருக்காக விடுவதா? இரு கட்சிக்கும் வலுவான ஆதாரங்கள் உள்ளன. பால் புட்டி மேல்தட்டில் உள்ளது.

இறங்கியபின் குடிவரவு அதிகாரியின் கூண்டு. மாமியை வீல்சேர்காரர் வேறு வரிசையில் தள்ளிக்கொண்டு போயிருப்பார். முகத்தைப் படம் பிடித்தால் போதும் என்ற ஏற்பாடு பெருகிவந்தாலும் ரேகை கேட்பது இன்னும் ஒழியவில்லை. வலது கை, நான்கு விரல் என்பார் அதிகாரி. வலது கையில் மடிப்பிள்ளை தூங்குகிறது. இடது கையில் பாஸ்போர்ட்டுகளும் கரடியும். அப்போது நடைப்பிள்ளை, 16 மணி நேரத்தில் முதல்முறையாக, யாரும் கேட்காமலே தன் இரண்டு கைகளையும் நீட்டும். 14 வயதுக்குட்பட்டோரின் ரேகையை அந்நாடு கேட்பதில்லை.