கச்சத்தீவை மீட்ட குழுவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய ப்ராஜெக்ட் மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

இளங்கலை மூன்றாம் ஆண்டில் சர்வதேச உறவுகள் படிக்கும் மாணவி பணிவோடு எழுதிக்கொள்வது.

என் ஆய்வேடு 38 சதவீதம் காப்பி என்று சிவப்பு மையில் எழுதி, நேற்று துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்கள். கீழே ஒரு குறிப்பு: 'சொந்த நடையில் எழுதவும்.' நன்றி. என் ஆய்வேட்டால் எனக்கு இவ்வளவு புகழ் கிடைத்திருக்காது.

மென்பொருள் தந்த அறிக்கையைப் பயபக்தியோடு படித்தேன். முதலில் மாட்டியது, 'இவ்வாய்வு முழுக்க என் சொந்த முயற்சி' என்று நான் கையெழுத்திட்ட டிக்ளரேஷன். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்று அந்த மாதிரியைக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அடுத்தது, துறைத் தலைவருக்கு நான் தெரிவித்த நன்றி. அதில் நூற்றுக்கு நூறு. பாவம், அவருக்கு இதுவரை யாருமே சொந்த நடையில் நன்றி சொன்னதில்லை போலிருக்கிறது. மூன்றாவதுதான் பெரிய திருட்டு: 1974-ஆம் ஆண்டின் கச்சத்தீவு ஒப்பந்தம். அதன் பிரிவுகளை மேற்கோள் குறிக்குள் போட்டு, எங்கிருந்து எடுத்தேன் என்றும் எழுதியிருந்தேன். திருடிவிட்டு முகவரியும் கொடுத்திருக்கிறேன் பாருங்கள்.

தலைப்புக் கட்டத்திலேயே நீங்கள் என்னைக் கரையேற்றினீர்கள். 1974 ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு கொடுத்த உரிமையை 1976 கடிதங்கள் பறித்தனவா? இந்த ஒரு கேள்வியோடு வந்தேன். 'ரொம்பச் சின்ன டாபிக்கும்மா' என்று பரிவோடு அதை 'இந்திய – இலங்கை உறவுகள்: ஒரு பார்வை' ஆக்கினீர்கள். அசோகர் காலத்திலிருந்து அறுபது பக்கம். முதல் ரிவ்யூவில் 'கேள்வித்தாள் எங்கே, சாம்பிள் சைஸ் என்ன?' என்றீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும். ஆகவே இரண்டு என்றேன். முப்பதாவது வேண்டும் என்றீர்கள்.

போகட்டும். ஆணைப்படி நேற்றிரவு ஒப்பந்தத்தைச் சொந்த நடையில் எழுதினேன்.

இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது 5-ஆம் பிரிவு. 'வந்துபோகலாம்' மாட்டிக்கொண்டதால் 'தங்கலாம்' என்று மாற்றினேன். சதவீதம் குறைந்தது, நம் மீனவர்கள் தீவில் குடியேறினார்கள். இரு நாட்டுக் கலங்களும் அடுத்தவர் கடலில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது 6-ஆம் பிரிவு. அந்த உரிமையில் மீன்பிடிப்பும் அடங்குமா என்பதுதான் ஐம்பது ஆண்டுச் சண்டை. அடங்கும் என்ற பொருளில்தான் 1974 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் பேசினார். நான் 'கலங்கள்' என்பதை 'மீன்பிடிப் படகுகள்' ஆக்கினேன். சண்டை தீர்ந்தது. அனுமதியில்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள் அல்லவா, அதை 'மீன்பிடிப்பதைத் தவிர்த்தால் நல்லது' என்று என் நடைக்குக் கொண்டுவந்தேன். 9 சதவீதம்!

சட்டமன்றத் தீர்மானங்களாலும் உச்ச நீதிமன்ற வழக்குகளாலும் ஆகாத கச்சத்தீவு மீட்பு உங்கள் மென்பொருளால் ஒரே இரவில் ஆயிற்று. வெளியுறவு அமைச்சகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அடுத்து சிந்து நதி ஒப்பந்தத்தையும் சொந்த நடையில் எழுதித்தர ஆட்கள் தயார். ஆறு நதிகளையும் நமக்கே பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்று வருடத்தில் ஓர் ஒப்பந்தத்தையாவது முழுதாக எங்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறீர்களா? கச்சத்தீவு ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லைக்கோட்டைத் தாண்டியதற்காக ராமேஸ்வரத்துக்காரர்கள் இலங்கைச் சிறையில் கிடக்கிறார்கள். நம் இழுவைமடிப் படகுகள் வலையை அறுத்துப்போட்டதால் யாழ்ப்பாணத்து மீனவர்கள் கடனாளியாகிறார்கள். யாருக்கு என்ன உரிமை என்று அவர்கள் தேடிப் போனால் கையில் கிடைப்பது அந்தப் பிரிவுகளின் சொற்கள்தான். அவற்றை மாற்றி எழுதச் சொல்வது ஆய்வு அல்ல, மோசடி. அதைச் செய்யாதவளைத்தான் திருடி என்று பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள்.

மன்னிக்கவும். பாராட்ட வந்த இடத்தில் சொந்த நடை கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டது.

தங்கள் மேலான கவனத்துக்கு ஒரே ஒரு செய்தி. கருத்துத் திருட்டைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள், உரிய முறையில் காட்டப்பட்ட மேற்கோள்களையும் நன்றியுரையையும் சட்டங்களையும் ஒப்புமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. மென்பொருளில் மேற்கோள்களை விலக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தத் தாங்கள் திருவுளம் கொள்ள வேண்டும்.

ஆகவே, ஒப்பந்தம் இடம்பெற்ற இரண்டாம் அத்தியாயத்தைப் பழைய வடிவிலேயே நான் சமர்ப்பிக்கவும், பலகையில் உள்ள தாளை அகற்றவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். மறுபடி பைண்டிங் செய்யும் செலவை நானே ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி