தலையாட்டும் ஊர்

எங்கள் பாகான் டத்தோவில் இசைக்குத் தலையாட்டுபவை தென்னை மரங்கள் மட்டும்தான். புதிய ராக் குழுக்களை எங்கே போய்த் தேடுவது?
– ஒரு வாசகர், பாகான் டத்தோ

தென்னைக்குக் காற்று வேண்டும். மனிதருக்கு ஒரு பேஸ் கிதார் போதும்! பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் ‘அல்லிகேட்ஸ்’ குழுவோடு ஹாங்காங் விடுதிகளில் வாசித்துப் பழகி, பிறகு மலாய்ப் பாட்டால் நாட்டையே ஆட்டினார்கள். 2007இல் லோகநாதன் மறைந்த பிறகும் டேவிட் மேடையை விடவில்லை.

இன்றைய புதிய குழுக்களைப் பிடிக்க, அடுத்த கல்யாணக் கச்சேரியில் கடைசிவரை இருங்கள். எல்லாரும் வயர் சுருட்டும்போது, எஃபெக்ட் பெடலை மிதித்துத் தனக்காக எதையோ இழுத்து வாசிக்கும் பையன் ஒருவன் இருப்பான். அவனுடைய சொந்தக் குழு ஈப்போவில் எப்போது வாசிக்கிறது என்று கேளுங்கள். டிக்கெட்டைக் காசு கொடுத்தே வாங்குங்கள். எல்லாரும் ஓசியில் கேட்டால் அடுத்த ஆண்டு அந்தக் குழு இருக்காது.