கண்டிக்காரர் பேரன் கவுண்டிக்குப் போன கதை

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் பழைய ஆட்கள் "கண்டிக்குப் போயிட்டாரு" என்றால், தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று பொருள். அம்மாபட்டினத்திலும் தொண்டியிலும் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறிய தலைமுறை அது. 1914இல் தனுஷ்கோடிக்கு ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்தன. கூலிக்குப் போவதிலும் ஒரு சொகுசு!

1920இல் அப்படிப் போனவர்களில் பெரியசாமி சின்னச்சாமியும் ஒருவர். பிற்காலத்தில் மகள்களோடு திரும்பிவந்து திருச்சியில் குடியேறினார். எங்கள் ஆள்தான் என்று அடித்துச் சொல்ல ஆசை. திருச்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் 1948 முதல் 1974 வரை புதுக்கோட்டையே திருச்சி ஜில்லாவுக்குள்தான் கிடந்தது. அந்தப் பழைய பட்டாவை நீட்டி நானும் ஒரு பங்கு கேட்கிறேன்.

மகன் முத்தையா கண்டியிலேயே தங்கி பிஸ்கட் தொழில் பார்த்தார். தாத்தா தேயிலை, அப்பா பிஸ்கட். பேரன் முரளிதரனுக்கு மிச்சமிருந்தது, வெள்ளைக்காரர்களின் தேநீர் இடைவேளைக்கு முன்னும் பின்னும் விக்கெட் எடுக்கும் வேலைதான்.

1998 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட், இரண்டாவதில் 9. பத்தையும் அவரே எடுத்திருப்பார். அலெக் ஸ்டூவர்ட் மட்டும் ரன் அவுட் ஆகித் தப்பித்துக்கொண்டார். இலங்கைக்கு 10 விக்கெட் வெற்றி. இங்கிலாந்துப் பயிற்சியாளர் டேவிட் லாய்டு, முரளி பந்து வீசும் விதத்தைப் பற்றிக் குத்தலாகப் பேசினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள். இவர்களுக்குக் கை கோணல். அந்த முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது என்பதை யார் கேட்டார்கள்?

அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஒரு கவுண்டி அணி முரளியைச் சம்பளம் பேசி அழைத்துக்கொண்டது. எந்த அணி? லங்காஷயர். லாய்டு பல வருஷம் ஆடி, பயிற்சியும் கொடுத்த அதே சொந்த வீடு! பெயரிலேயே லங்காவை வைத்திருந்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பாதிப் பருவம்கூட ஆடாமல் முரளி 66 விக்கெட் எடுத்தார். விக்கெட்டுக்குப் பன்னிரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லை. கோணல் கையைப் பற்றி மான்செஸ்டரில் பேச்சே இல்லை. சொந்த வீட்டுக் கோணல் யார் கண்ணுக்குத் தெரியும்?

அப்படியும் கவுண்டி சாம்பியன்ஷிப் பட்டம் சர்ரேக்குப் போனது. லங்காஷயருக்கு இரண்டாமிடம். 2001, 2005, 2007 என்று முரளி அங்கே திரும்பத் திரும்பப் போனார். இடையில் 2003இல் கென்ட். பட்டம் மட்டும் வாய்க்கவே இல்லை.

1934க்குப் பிறகு லங்காஷயர் யாரோடும் பங்கு போடாமல் தனியாகப் பட்டம் வென்றது 2011இல். அந்த வருஷம் முரளி குளொஸ்டர்ஷயருக்கு இருபது ஓவர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்.