கல்வராயன் ஏறும் வண்டி

தொண்ணூறுகளில் கள்ளக்குறிச்சி துருகம் சாலைப் பட்டறையில் நான் ஸ்பேனர் பிடிக்கப் பழகியபோது, வந்து நின்றவை பெரும்பாலும் மலை ஜீப்புகள். கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் வண்டிகள். ஒடுக்கமான உடம்பு, உயரமான இருப்பு. பிரேக் பிடிக்கிறதா, ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறதா என்றுதான் டிரைவர்கள் கேட்பார்கள். சக்கரத்தை வெளியே தள்ளிப் போடச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. சாலையே ஒரு வண்டி அகலம்தான். எதிரே பஸ் வந்தால் இடம் கிடைக்கும்வரை ரிவர்ஸ் போக வேண்டும். அந்த நேரத்தில் வெளிச்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒவ்வொரு விரலளவும் உயிருக்குச் சமம்.

லோடு விஷயத்தில் மூத்த டிரைவர்கள் கறாரானவர்கள். கடுக்காய், புளி, மரவள்ளிக்கிழங்கு என்று மலையிலிருந்து இறங்கும் சரக்கில் கனமானது அடியில், லேசானது மேலே. "தொட்டி மட்டத்துக்கு மேல ஒரு மூட்டையும் ஏறக்கூடாது தம்பி, வளைவுல அதுதான் நம்மள இழுக்கும்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே கயிற்றை இறுக்குவார். மூட்டை அசைகிறதா என்று தோளால் முட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுவார்.

இன்று எல்லாம் மாறிவிட்டது. 2005இல் டாடா ஏஸ் வந்தது. ஊர் அதைக் குட்டியானை என்றே அழைத்தது. பின்னால் பெரிய பிக்கப்புகள் பெருகின. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். சாலை மேம்பட்டது, வேகம் கூடியது, சரக்கும் உயர்ந்தது. சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி, கேபின் கூரைக்கு மேலே மலைபோல் நிற்கிறது. அப்படியொரு வண்டியோடு இளைஞர் ஒருவர் வந்து நிற்கிறார்: "அண்ணே, வளைவுல வண்டி சாயுது. ஸ்பேசர் போட்டு அகலமாக்கிக் குடுங்க."

சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் தகடுதான் ஸ்பேசர். இளைஞரின் பயம் நியாயமானது. அதனால் சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை, வண்டியும் சரக்கும் சேர்ந்த பாரமையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டி தன் எடையில் எவ்வளவு பங்கு பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் என்பது ஏறத்தாழத் தெரியும். தூரம் 1,400 மில்லிமீட்டர், பாரமையம் 1,000 மில்லிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். விடை 0.70. பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் 0.73 ஆகும். ஸ்பேசரே இல்லாமல் மேல் வரிசை மூட்டைகளை இறக்கி, பாரமையத்தை 100 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 0.78. பைசா செலவில்லாத வழிதான் அதிகம் காப்பாற்றுகிறது. நிஜத்தில் ஸ்பிரிங் பட்டை அமுங்கி வண்டி சாய்வதாலும் மூட்டை நகர்வதாலும் இந்த எண்கள் இன்னும் குறையும்.

அடுத்தது வேகம். பதினைந்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் பக்கவாட்டு இழுப்பு சுமார் 0.21. அதையே 40இல் எடுத்தால் 0.84. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. 0.84க்கு முன்னால் 0.70ம் ஒன்றுதான், 0.73ம் ஒன்றுதான். ஸ்பேசர் தரும் தைரியத்தில் ஐந்து கிலோமீட்டர் கூட்டி ஓட்டினால் கிடைத்த லாபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சக்கரம் வெளியே போனால் வேறு செலவுகளும் உண்டு. ஹப் பேரிங் மீது பாரம் நேராக விழாமல் தள்ளி விழும். பேரிங் சீக்கிரம் தேயும். முன்சக்கரத்தில் போட்டால் ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். பிரேக் ஒரு பக்கம் கூடுதலாகப் பிடித்தால் வண்டி இன்னும் அதிகமாக அந்தப் பக்கம் திரும்பும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டினால் கல்லையும் சேற்றையும் பின்னால் வருபவர்மேல் அடிக்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கலக்கம் தருவது ஸ்டட்டு. சில இடங்களில் வெறும் தகட்டை நடுவில் வைத்து, பழைய ஸ்டட்டிலேயே நட்டை மாட்டிவிடுகிறார்கள். நட்டுக்குள் ஸ்டட்டு, அதன் விட்டத்தளவாவது இறங்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டு, 1.5 மில்லிமீட்டர் மரை என்றால் எட்டு முழுச் சுற்று. நாலு சுற்றில் நின்றுவிட்ட நட்டுகளைக் கையால் திருகிப் பார்த்திருக்கிறேன். அவற்றை நம்பித்தான் டன் கணக்கில் கிழங்கு மலையிறங்குகிறது.

சட்டமும் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ வரலாம். விபத்தென்றால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். அகலம் உண்மையிலேயே வேண்டுமானால், அந்த மாடலுக்கென்று உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட சக்கர டிஸ்க், டயர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹப்பில் சரியாக உட்காரும் டிஸ்க்காக இருக்கட்டும். நட்டை டார்க் ரென்ச்சில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள். அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள். இன்னும் அகலம் தேவையென்றால், தொழிற்சாலையிலேயே அகலமாக வரும் வண்டியை அடுத்த முறை வாங்குவதுதான் வழி.

சரக்குக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். மலையில் பஸ் குறைவு என்பதால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சரக்கு வண்டியில் ஏறுகிறார்கள். நின்றுகொண்டு வரும் ஆட்கள் பாரமையத்தை உயர்த்துகிறார்கள். வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். மூட்டையைக் கயிற்றால் கட்டலாம், ஆளைக் கட்ட முடியாது. 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் கோயிலுக்கு ஏறிய வாகனம் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி நம் மலைக்கும் எச்சரிக்கை.

ஆகவே எங்கள் தொழில்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பேசர் கேட்டு வருகிறவரிடம் முதலில் லோடு எவ்வளவு உயரம், எந்த வேகம் என்று கேளுங்கள். பதிலிலேயே வேலை பாதி முடியும். அரசிடமும் ஒன்று: மலை கிராமங்களுக்குக் கூடுதல் பஸ் விடுங்கள், அடிவாரத்தில் எடைமேடை வையுங்கள். பழைய டிரைவர்கள் கயிற்றோடும் நிதானத்தோடும் காத்த பாதுகாப்பை இன்றைய இளைஞர்களும் காக்க முடியும். அவர்களுக்கு அதை யாராவது பொறுமையாகக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.