விளையாட்டு வினையானவர்

சனிக்கிழமை காலை தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற மின்சார ரயிலில் இவரை நீங்கள் பார்த்திருக்கலாம். வயது 42. முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுகிற மாதிரி ஒரு பை. உள்ளே தயிர்சாதம், மாவடு, குடை, மூன்று கிலோவுக்கு ஒரு லேப்டாப். அதன் சார்ஜர் செங்கல் வடிவத்தில் செங்கல் கனத்தில் இருக்கும். மடியில் வைத்துத் திறந்தாரானால் உள்ளே இருக்கும் விசிறி கிரைண்டர் மாதிரி இரைய ஆரம்பிக்கும். அந்த இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி போனில் யாருக்கோ சொல்வார்: “தம்பி, அவன் செத்து ரெண்டு செகண்டுல பாடி மறைஞ்சாகணும். விட்டா குவிஞ்சுடும். அப்புறம் எல்லாமே ஸ்லோவாயிடும்.” எதிர் இருக்கைக்காரர் குரோம்பேட்டை வந்ததும் வேறு பெட்டிக்கு மாறிக்கொள்வார்.

வார நாட்களில் இவர் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளைம் பிரிவில் வேலை பார்ப்பவர். சனி, ஞாயிறுகளில் வீடியோ கேம் வடிவமைப்பு படிக்கிற பகுதிநேரப் பல்கலைக்கழக மாணவர். இப்படிப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்து நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேரையும் ஒரே சட்டைக்குள் நுழைத்துத்தான் இங்கே நிறுத்தியிருக்கிறேன். யாராவது கோபித்துக்கொண்டால் மற்ற மூவரைக் கைகாட்டிவிடலாம்.

வகுப்பில் இவருக்கு முதல் சிக்கல், யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். பாடம் நடத்துகிறவருக்கு வயது 29. அவர் இவரை “சார்” என்பார். இவர் அவரை “சார்” என்பார். சந்தேகம் கேட்டு முடிப்பதற்குள் ஆளுக்கு ஆறு சார் செலவாகியிருக்கும். கூடப் படிக்கிற பையன்கள் முதல் மாதம் “அங்கிள்” என்றார்கள். இரண்டாம் மாதம் ஒருவன் வாய்தவறி “ப்ரோ” என்றுவிட்டான். அன்று இரவு வீட்டில் அந்தச் சம்பவம் மூன்று முறை விவரிக்கப்பட்டது. மூன்றாவது முறை மனைவி, “ஏங்க, சாம்பார் ஆறிடுச்சு” என்றார்.

சொந்தக்காரர்களிடம் படிப்பை விளக்குவது தனிப் பரீட்சை. “கேம் படிக்கிறேன்” என்றதும் மாமா தணிந்த குரலில் கேட்டார்: “எவ்வளவு போச்சு மாப்ளே?” இவர் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு, அதை மறைக்கப் படிப்பு என்று சொல்கிறார் என்பது மாமாவின் தீர்மானம். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தபோது, காலை ஆறரைக்கே போன் வந்துவிட்டது: “மாப்ளே, உன் காலேஜை மூடிட்டாங்களாமே?” நம்மவர் பொறுமையாகச் சொன்னார். தடை பணம் கட்டி ஆடுவதற்குத்தான். அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் நாலையும் வளர்க்கப் பணிக்குழு அமைப்போம் என்று 2022 பட்ஜெட்டில் நிதியமைச்சரே அறிவித்திருக்கிறார். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, நகையெல்லாம் வீட்லதானே இருக்கு?” என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து இவர் விளையாடுவதே இல்லை. நேரம் இல்லை என்பது ஒன்று. முடியவில்லை என்பது இன்னொன்று. பிரியாணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு பிரியாணி இறங்காதாம், அந்தக் கதைதான். மகன் ஆசையாகப் புது ஆட்டம் ஒன்றைப் போட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தால், இவர் எதிரியைச் சுட மாட்டார். கதாநாயகனைச் சுவர் ஓரமாக நடத்திப் போய், சுவரில் எங்கேயாவது இடைவெளி இருக்கிறதா என்று தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். தண்ணீரில் நிழல் சரியாக விழுகிறதா என்று குனிவார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் வந்து கதாநாயகனை வெட்டிவிட்டுப் போயிருப்பான். “அப்பா, குடுங்கப்பா” என்று மகன் ரிமோட்டை வாங்கிக்கொள்வான்.

ஆட்டத்தில் பார்க்காததையெல்லாம் அலுவலகத்தில் பார்ப்பார். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் வேற்றுலக ஜந்துக்கள் சாகச் சாக, மிச்சம் இருக்கிறவை வேகமாக நகரும். அதை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ திட்டமிட்டுச் செய்ததில்லை அது. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அந்தக் காலத்துச் சில்லுக்குச் சுமை குறைந்து, ஓட்டம் கூடிவிட்டது. ஆட்டம் இப்படித்தான் நன்றாக இருக்கிறது என்று அவரும் அப்படியே விட்டுவிட்டார். நம்மவர் இதை எங்கே சொன்னார் தெரியுமா? பிரிவு உபசார விழாவில், மேடையில். “நம்ம செக்‌ஷன்ல எட்டு பேர் இருந்தோம். அஞ்சு பேர் ரிடையர் ஆயாச்சு. மீதி மூணு பேர் எவ்வளவு வேகமா ஓடறோம்னு பாருங்க.” மேலாளர் கைதட்டவில்லை.

வருகைப் பதிவேட்டில் பத்து நிமிடச் சலுகை உண்டு. அதற்கு இவர் வைத்திருக்கும் பெயர் ‘கயோட்டி டைம்’. கார்ட்டூனில் கயோட்டி என்கிற ஓநாய் ஜாதி விலங்கு ஒன்று, மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் கொஞ்சம் ஓடிவிட்டு, கீழே பார்த்த பிறகுதான் விழுமே, அதிலிருந்து வந்த சொல். தாவி ஓடும் ஆட்டங்களில் விளிம்பைத் தாண்டிய பிறகும் குதிப்பதற்கு ஒரு கண்ணிமைப்பு அவகாசம் தருவார்கள். ஆடுபவருக்கு அது தெரியாது. தான் சரியான நேரத்தில் குதித்ததாகவே நினைத்துக்கொள்வார். “நானும் அப்படித்தான் சார், விளிம்பைத் தாண்டிட்டேன், ஆனா இன்னும் விழலை” என்று பத்தாவது நிமிடம் கையெழுத்துப் போடுவார்.

இனி ப்ராஜெக்ட். இவர் மனத்தில் முதல் செமஸ்டரில் இருந்தது, 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் நடத்திய கடற்படையெடுப்பு, முழுசாக. நூறு கப்பல், யானைகள், புயல், ஸ்ரீவிஜயத் துறைமுகங்கள். ஆசிரியர் மெதுவாக, “சார், ஸ்கோப்பைக் கொஞ்சம் குறைக்கலாமா சார்?” என்றார். இரண்டாம் செமஸ்டரில் ஒரு கப்பல் மட்டும் மிஞ்சியது. அதில் ராஜேந்திர சோழன் நின்றிருந்தார், தலை முதல் கால்வரை பளீரென்ற ரோஸ் நிறத்தில். இவர் பயன்படுத்தும் யூனிட்டி மென்பொருளில், ஒரு பொருளுக்குப் பூச்சு தருகிற ஷேடர் விட்டுப்போனால் எல்லாம் அந்த நிறமாகிவிடும். மனைவி காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். “ஏங்க, ராஜா ஏன் ரோஸ் மில்க் மாதிரி இருக்கார்?” மூன்றாம் செமஸ்டரில் கப்பல் படகானது. நாலாவதில் படகு அப்படியே நிற்க, படகுத்துறையில் ஒரே ஒரு மாலுமி. அவன் துறையிலிருந்து படகுக்குக் குதிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அந்த மாலுமியும் முதல் நாள் நிற்கவில்லை. துறை மேடைக்கு கொலைடர் போட இவர் மறந்துவிட்டார். (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ‘இது திடப்பொருள், இதற்குள் புக முடியாது’ என்று கணினிக்குச் சொல்லி வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உறை அது.) உறை இல்லாத மேடை வெறும் படம்தானே. மாலுமி அதன் வழியே கடலுக்குள் இறங்கினான், கடலும் படம்தான், அதையும் தாண்டிப் போனான். அதைக் கவனிக்காமல் இரவு பத்து மணிக்கு இவர் படுத்துவிட்டார். மென்பொருளுக்குள் புவியீர்ப்பு மட்டும் அசல்போல 9.81. காலை ஆறு மணிக்குப் பல் தேய்த்தபடி வந்து பார்த்தால், மாலுமி விழுந்துகொண்டே இருக்கிறான். கிளைம் பிரிவு ஆள் ஆயிற்றே, உடனே கணக்குப் போட்டார். எட்டு மணி நேரத்தில் சுமார் 40 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்கு உள்ள தூரத்தைப்போல் பத்து மடங்கு. கடாரத்துக்குப் புறப்பட்ட எவனும் அவ்வளவு தூரம் போனதில்லை.

ப்ராஜெக்ட் எப்போது முடியும் என்று கேட்டால் இரண்டு கதைகள் தயாராக இருக்கும். கேட்பவர் மனைவி என்றால் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, நாலு வருடத்துக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்ட ஆட்டம். “அவரும் தியேட்டர்ல டிக்கெட் பார்த்து சீட் காட்டற வேலை பார்த்துக்கிட்டேதான் செஞ்சார்.” “அவருக்கு மாசம் நாலு கல்யாணம், ரெண்டு காதுகுத்து இருந்திருக்காது” என்பது மனைவியின் பதில். எனக்கும் அது நியாயமான விமர்சனமாகவே படுகிறது. கேட்பவர் ஆசிரியர் என்றால் இ.டி. கதை. 1982-இல் அட்டாரி நிறுவனம் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஐந்தே வாரத்தில் செய்ய வைத்த ஆட்டம். விற்காத பெட்டிகளை அடுத்த வருடம் நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். “அவசரப்பட்டா அப்படித்தான் சார் ஆகும்.” ஆசிரியர், “கரெக்ட்தான் சார், ஆனா இன்டர்னல் மார்க் வெள்ளிக்கிழமை போடணும் சார்” என்பார்.

கடைசியில் ஆட்டத்தை யாரையாவது ஆடவைத்துப் பார்க்க வேண்டிய கட்டம். அதற்கு ஒரே விதிதான்: ஆடுபவர் என்ன செய்தாலும், செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும். மகன் மறுத்துவிட்டான். மனைவி அடுப்பில் பால் இருப்பதாகச் சொன்னார். கிடைத்தது 71 வயது அம்மா. சிறுவயதில் ஊர்த் திண்ணையில் மூன்று புலியை வைத்துக்கொண்டு பதினைந்து ஆட்டையும் தின்று தீர்த்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில், மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்பான், வலப்பக்கம் வெட்டவெளி. ஒரு வார்த்தை எழுதாமலே ‘அந்தப் பக்கம் போ’ என்று சொல்லியாகிவிட்டது. நம்மவரும் மாலுமியை அப்படித்தான் நிறுத்தியிருந்தார். அம்மா இடப்பக்கம் போனார். சுவரில் முட்டினார். இன்னும் முட்டினார்.

நம்மவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அந்தப் பக்கம் தண்ணியா இருக்கேடா. நனைஞ்சுட மாட்டானா?”

நம்மவர் குறிப்பு எழுதினார். அம்மா ஒருவழியாக மாலுமியைத் துறை விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கீழே படகு. குதிக்கிற பொத்தானின் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

“ஏண்டா, எதுக்குக் குதிக்கணும்? படி வைக்கலையா?”

இரண்டு வருடப் படிப்பில் யாரும் கேட்காத கேள்வி. ஆசிரியர் கேட்கவில்லை, ப்ரோ என்றழைத்த பையன் கேட்கவில்லை. நம்மவர் அன்று இரவு ஒன்றரை மணிவரை உட்கார்ந்து ஏழு படி கட்டினார். கருங்கல் மாதிரி, பாசி படிந்த ஓரங்களோடு. ஞாயிறு காலை அம்மாவைக் காபிகூடக் குடிக்கவிடாமல் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

மாலுமி விளிம்புக்கு வந்தான். முதல் படியில் கால் வைத்தான். படி வழியே நழுவி, கடல் வழியே நழுவி, நிலாவை நோக்கிக் கிளம்பினான்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு கைப்பிடி வச்சிருக்கலாம்டா.”