தீட்டாத கத்திக்கே மவுசு

அமெரிக்காவின் பழைய வில்லுக்கத்திகளைச் சேர்ப்போருக்கு ஒரு வேதம் உண்டு: வெட்டாதே, தீட்டாதே, எண்ணெய் தடவி வை. பென்சில்வேனியாவின் பிராட்போர்ட்டில் செய்யும் ‘கேஸ்’ கத்திக்கு வயது பார்ப்பது சாதகம் கணிப்பதைவிட நுணுக்கம். 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி குத்தினார்கள்; பிறகு ஆண்டுக்கொன்றாகக் குறைத்தார்கள். ஐந்து புள்ளியென்றால் 1975. எண்ணப் பூதக்கண்ணாடி, படுக்க வெல்வெட் மெத்தை. பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யாத கத்திக்கே உச்ச விலை.

பாவம், பேசாலை மீன்பிடிக் கரைக் கத்திகள்! அறக்குளாவையும் பாரையையும் வெட்டி, கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதியாய்த் தேய்ந்ததுகள். சேகரிப்பாளர் கண்ணில் அவை வெறும் பழைய இரும்பு. உழைக்காதிருந்தால் மதிப்பு ஏறும் என்ற சூட்சுமம் அவற்றுக்குத் தெரியவில்லை. கந்தோர்க் கதிரைகளில் சிலருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.