தொட்டிலைக் கடித்தவனே குற்றவாளி

கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னால் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். குடிதண்ணீரைக் காரீயக் குழாயில் கொண்டுவராதீர்கள், சுட்ட மண்குழாயே உத்தமம் என்று எழுதிவைத்தார். ஆதாரம் வேண்டுமா, காரீயம் உருக்குகிறவனின் முகத்தைப் பாருங்கள், ரத்தம் வற்றி வெளுத்திருக்கிறது என்றார். ரோமாபுரிச் சீமான்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்குப் போய்த் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினார்கள். பாத்திரமும் கொஞ்சம் கரைந்ததில் பாகு கூடுதலாக இனித்தது.

காரீயத்தின் கதை முழுக்க இதே லட்சணம்தான். அது விஷம் என்று யாருக்குமே தெரியாத காலம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. தெரிந்த பிறகு பழியை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் மனிதகுலம் தன் மூளையைச் செலவழித்தது. அதாவது, காரீயம் தின்றதுபோக மிச்சமிருந்த மூளையை.

வெள்ளைப் பெயிண்டுக்கு வருவோம். டச்சுக்காரர்கள் கண்ட பக்குவம் இது: மண்சட்டியில் கொஞ்சம் வினிகர், அதற்கு மேலே காரீயச் சுருள். இப்படி நூற்றுக்கணக்கான சட்டிகளை அடுக்கி, சுற்றிலும் குதிரைச் சாணத்தைக் கொட்டி, கொட்டகையை மூடிவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிட வேண்டும். சாணத்தின் சூடும், அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயுவும், வினிகர் ஆவியும் சேர்ந்து காரீயத்தை வெண்மையான செதிலாக மாற்றிவிடும். அதை அரைத்து எண்ணெயில் குழைத்தால் ‘ஒயிட் லெட்’. சாணத்தில் ஊறி வந்த இந்தப் பொருளைத்தான் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சுத்தத்தின் அடையாளம் என்று கதவு, ஜன்னல், கட்டில், தொட்டில் எல்லாவற்றிலும் பூசின.

முதலில் விழித்துக்கொண்டது யாரும் எதிர்பாராத ஊர்: ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிரிஸ்பேன். 1890களில் அங்கே குழந்தைகள் வயிற்று வலியோடும், தொங்கிப்போன கை கால்களோடும், மங்கிய கண்களோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஜெஃபரிஸ் டர்னர் குழந்தை மருத்துவர். ஓய்வு நேரத்தில் அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைப்பவர். லாக்ஹார்ட் கிப்சன் கண் மருத்துவர். இது காரீய விஷம் என்று 1892இலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் பச்சைப் பிள்ளைக்குக் காரீயத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல்? அதைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1904இல் கிப்சன் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தார். மர வீட்டு வராந்தாவின் கைப்பிடிக் கம்பி! குயின்ஸ்லாந்து வெயிலில் பெயிண்ட் பொடிந்து மாவாகியிருந்தது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்து விளையாடினார்கள். பிறகு விரல் சூப்பினார்கள், நகம் கடித்தார்கள். அவ்வளவுதான் மர்மம்.

உலகத்து மருத்துவர்கள் இதைப் படித்துவிட்டு, பாவம், குயின்ஸ்லாந்தில் ஏதோ விசித்திரமான நோய் போலிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டினார்கள். குயின்ஸ்லாந்து மட்டும் 1922இல், குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீயப் பெயிண்ட் அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அதற்கு முன்பே 1909இல் பிரான்ஸும் பெல்ஜியமும் ஆஸ்திரியாவும் வீட்டுக்குள் அடிக்கும் காரீய வெள்ளைக்குத் தடை விதித்திருந்தன. 1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்றே ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது; அவர்களுடைய கவலை பெயிண்டரைப் பற்றியது. அமெரிக்கா அதில் கையெழுத்துப் போடவில்லை. சுதந்திர நாட்டில் சுவருக்கும் சுதந்திரம் உண்டல்லவா?

ஆனால் அமெரிக்காவின் பால்டிமோரில் 1914இலேயே ஒரு சம்பவம் பதிவாகிவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஐந்து வயதுப் பையன் ஒருவன் வலிப்போடு வந்தான். மூளைக்காய்ச்சல் போலத் தோன்றியது. விசாரித்ததில், கட்டிலின் கம்பியிலிருந்த வெள்ளைப் பெயிண்டைக் கடித்துத் தின்றிருக்கிறான். பிள்ளை பிழைக்கவில்லை. தாமஸ், பிளாக்ஃபேன் என்ற இரு மருத்துவர்கள் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். அன்றைய மருத்துவ உலகம் இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு வியாதிப் பெயர் வைத்திருந்தது: பைக்கா. கண்டதைத் தின்னும் கோளாறு. ஆக, தொட்டிலில் விஷத்தைப் பூசியவர் கலைஞர். அதைக் கடித்தவன் கோளாறுக்காரன். பல் முளைக்கும் வயதில் எதையும் கடிக்காத குழந்தையை எந்தத் தாய் பெற்றாளோ, அவளைத்தான் கேட்க வேண்டும்.

வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. நேஷனல் லெட் கம்பெனி தன் பெயிண்டுக்கு ‘டச்சு பாய்’ என்று பெயர் வைத்தது. கையில் பிரஷ், தலையில் தொப்பி, காலில் மரச்செருப்போடு ஒரு சமத்துப் பையன் படம். படத்துக்கு மாடலாக நின்றவன் ஐரிஷ் வம்சத்துப் பையன் என்பது தனி வேடிக்கை. 1923இல் குழந்தைகளுக்காகவே ‘டச்சு பாயின் காரீய விருந்து’ என்றொரு வண்ணம் தீட்டும் புத்தகம் வெளியிட்டார்கள். அதில் காரீயம் கலந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் பெருமையைப் பாடும். அதே ஆண்டு நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: காரீயம் உங்கள் ஆரோக்கியத்தைக் காக்கிறதாம்! பூனைதான் பாலுக்குக் காவல் என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

1928இல் காரீய முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அக்காலத்து மருத்துவர்களிடம் ஒரு வசதியான நம்பிக்கை இருந்தது: காரீய விஷம் ஏறிய பிள்ளை ஒன்று செத்துப்போகும், இல்லாவிட்டால் பூரண குணமாகும். 1943இல் பாஸ்டனில் ராண்டால்ஃப் பையர்ஸ், எலிசபெத் லார்ட் என்ற இருவர் அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டார்கள். ‘குணமாகி’ வீட்டுக்குப் போன இருபது பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பத்தொன்பது பேருக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை. சங்கம் உடனே அக்கறையோடு செயல்பட்டது. பிள்ளைகள் விஷயத்தில் அல்ல, பையர்ஸ் விஷயத்தில். பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவோம் என்று மிரட்டியதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1950களில் பழி போட அடுத்த ஆள் கிடைத்தார்: ஏழைத் தாய் தகப்பன். சேரிகளில் வாழும் கறுப்பினத்தாரும் புவேர்ட்டோ ரிக்கர்களும் சொன்னால் புரிந்துகொள்ளாதவர்கள், பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள், சிக்கலே அவர்கள்தான் என்ற ரீதியில் சங்கத்தின் சுகாதார அதிகாரியே கடிதம் எழுதினார். சுவரில் பெயிண்ட் உரிவது வீட்டுக்காரரின் தப்பு இல்லை, அதில் விஷம் இருப்பது கம்பெனியின் தப்பு இல்லை, அது வாயில் விழும்போது பக்கத்தில் இல்லாத தாய்தான் தப்பு. அந்தத் தாய் அந்நேரம் அந்த வாடகையைக் கட்டத்தான் வேலைக்குப் போயிருப்பாள்.

பால்டிமோர் நகரம் 1951இல் வீட்டுக்குள் காரீயப் பெயிண்டைத் தடை செய்தது. நாடு முழுக்க, பொம்மைகளுக்கும் மேஜை நாற்காலி கட்டில்களுக்கும் சேர்த்துத் தடை வந்தது 1978இல். கட்டிலைக் கடித்த பையன் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு ஓய்வூதியம் வாங்கும் கிழவன்.

இதற்கிடையே ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவருக்கு ஒரு யோசனை. ரத்தத்தில் காரீயம் சில வாரங்களில் குறைந்துவிடும். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பிலும் பல்லிலும் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தும். எனவே பாஸ்டன் பக்கத்து ஊர்களில் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். நம்மூராக இருந்தால் பல்லைச் சாணியில் பொதித்துக் கூரைமேல் எறிந்திருப்பார்கள், ஆராய்ச்சியே நின்றிருக்கும். 1979இல் முடிவு வந்தது: எந்த நோய் அறிகுறியும் இல்லாத பிள்ளைகளிலும், பல்லில் காரீயம் கூடக் கூட அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்தது, கவனம் சிதறியது. இதற்கு நன்றிக்கடனாக 1990களில் அவர்மீது ஆராய்ச்சி மோசடிப் புகார் பாய்ந்தது. புகார் கொடுத்த இருவரும் காரீயத் தொழில் தரப்பில் நிபுணர்களாக இருந்தவர்கள். விசாரணையில் மோசடி ஏதும் இல்லை என்று தீர்ந்தது.

அறிவியலாளர் உட்கார்ந்து அளக்க அளக்க, ‘இதுவரை பரவாயில்லை’ என்ற கோடு கீழே போய்க்கொண்டே இருந்தது. 1960களில் குழந்தையின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 60 மைக்ரோகிராம்வரை கவலை வேண்டாம் என்றார்கள். பிறகு 40, 30, 25. 1991இல் 10. 2012இல் 5. 2021இல் 3.5. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் 60 காலத்தில் ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு யாராவது மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்களா என்று கேட்காதீர்கள்.

பெயிண்டை விரட்டியாயிற்று, நிம்மதி என்று நினைத்த வேளையில் 1996இல் ஜன்னல் மறைப்புகள் மாட்டின. மினி பிளைண்ட்ஸ் என்ற அந்த வினைல் பட்டைகள் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி அளவில் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் உறுதியாக இருக்கட்டும் என்று அதில் காரீயம் சேர்த்திருந்தார்கள். வெயில் பட்டதும் பிளாஸ்டிக் சிதைந்து, மேற்பரப்பில் காரீயத் தூசி படிந்தது. ஜன்னல் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த குழந்தை கையை வாயில் வைத்தது. கிப்சன் 1904இல் எழுதிய கதையேதான். கம்பிக்குப் பதில் பட்டை.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016இல் எழுதப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. விதியின் தலைப்பே வீட்டு, அலங்காரப் பெயிண்டுகள் என்பதுதான். தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் வராது. பட்டறையில் தொட்டிலுக்கு எந்த டப்பாவைத் திறந்தார்கள் என்று தொட்டில் சொல்லப்போவதில்லை. பழைய வீடுகளின் ஜன்னலில் விதிக்கு முந்தைய பூச்சுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பொங்கலுக்கு முன்னால் ஆள் வந்து உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கு யாரும் விதி எழுதவில்லை. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், அன்றைக்குப் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள், டப்பாவின் லேபிளைப் படியுங்கள்.

வீட்டில் காரீயம் இருக்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடங்களில் கருவிகள் உண்டு. ஆனாலும் உலகம் நூறாண்டுக்கும் மேலாக நம்பிப் பயன்படுத்திவரும் கருவி ஒன்றுதான்: அது தவழும், கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கும், முடிவைத் தன் ரத்தத்தில் எழுதிக் காட்டும். அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, வேறு கருவி வாங்க யாருக்கும் அவசரம் வரவில்லை.